ஓரத்தில் இடம் காலி

தேசிய இளையோர் பெண்கள் கால்பந்து அணியின் இரண்டாம் தேர்வுக்குச் சுருட்டையைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சேதி வந்த அன்று, அந்த வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எந்த வீட்டிலாவது இப்படி உண்டா? பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்ததற்கே தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள். இங்கே நாட்டுக்காக ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள், பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். அப்பன்காரன் அடுப்படியில் மீன் துண்டுகளைப் புரட்டியபடி, வேகிறதா கருகுகிறதா என்று தெரியாமல் நிற்கிறான்.

அவனைப் பாரம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். துறைமுகத்துக் குளிர் கிடங்கில் மீன் பெட்டி தூக்குகிறவன். "பாரம் இருக்கு, அவனைக் கூப்பிடு" என்று மேஸ்திரி சொல்லிச் சொல்லியே, பாரம் என்றால் இவன்தான் என்று ஆகிவிட்டது. இவனுடைய அப்பா அம்மா கடல் கடந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். நல்ல கறுப்பு. மனைவி இந்த நாட்டுக்காரி, வெளுத்த தோல். நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் வேண்டாம் என்று தலைகீழாக நின்றும் கேட்காமல் இவனைக் கட்டிக்கொண்டவள். மகள் அப்பனை உரித்து வைத்திருந்தாள். அதே கறுப்பு, அதே சீப்பை உடைக்கிற சுருட்டை முடி. வீட்டிலும் மைதானத்திலும் அந்த முடியே அவளுக்குப் பெயரானது. பாரத்தின் தம்பி முடிதிருத்துகிறவன். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் அண்ணன் வீட்டிலேயே இருக்கிறான். அவன் சித்தப்பா. வீட்டில் மொத்தம் இவ்வளவு பேர்தான்.

கூப்பிட்டது சந்தோஷம்தான். ஆனால் வலது ஓரத்துக்கு, விங் ஆடக் கூப்பிட்டிருந்தார்கள். பந்தைக் கொடுத்ததும் கோடு ஓரமாகத் தலைதெறிக்க ஓடவேண்டிய இடம் அது. சுருட்டை பந்தை உதைக்கத் தெரிந்த நாளிலிருந்து ஆடுவது நடுவில். எல்லாப் பந்தும் அவளிடம் வந்துதான் போகும். பந்து வருவதற்கு முன்னாலேயே இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்த்துக்கொள்வாள், யார் எங்கே நிற்கிறார்கள், யார் தன்மேல் வந்து விழப்போகிறார்கள் என்று. சின்ன வயதில் பள்ளி விட்டதும் அம்மாவின் பேருந்தில் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அம்மாவின் கழுத்து இடது கண்ணாடிக்கும் வலது கண்ணாடிக்கும் போய் வருவதையே பார்த்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை போனவள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

சரி, ஓரத்துக்கு ஏன் கூப்பிட்டார்கள்? அங்கேதான் விஷயம். சேதி சொன்ன ஆபீஸ்காரர் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க வீட்டுக்காரரே சொன்னாராமே, பொண்ணு காத்து மாதிரி ஓடுவா, அது ரத்தத்துலயே இருக்குன்னு. அதனாலதான் விங்." அம்மா போனைச் சத்தமாக வைத்திருந்தாள். சுருட்டை கேட்டாள். சித்தப்பா கேட்டான். அடுப்படியில் நின்ற பாரமும் கேட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவன் விஷயத்தில் அப்படியே பலித்தது.

அவன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். குளிர் கிடங்கில் ஆள் எடுக்கிற முறை ஒன்று உண்டு. வெளிச்சம் வருவதற்கு முன்னால் இரும்புக் கதவுக்கு வெளியே எல்லாரும் நிற்பார்கள். மேஸ்திரி கையில் தேநீரோடு வந்து முகத்தையும் தோளையும் பார்த்துக் கேட்பார். "ஐஸ் ரூம்ல நிப்பியா?" "நிப்பேன்." "ரெட்டைப் பெட்டி தூக்குவியா?" "தூக்குவேன்." கேட்டவுடன் பதில் வர வேண்டும். யோசிக்கிறவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. என்ன கேட்கிறார்கள் என்று காது கேட்பதற்குள் வாய் ஆமாம் சொல்லிவிடும். இத்தனை வருஷம் அந்தக் கதவில் நின்றவனுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

முதல் தேர்வு நடந்த நாள் மைதானத்து வேலிக்கு வெளியே பாரம் நின்றுகொண்டிருந்தான். உள்ளே பெண் பிள்ளைகள் மந்தை மாதிரி நின்றார்கள். தேர்வுக்குழுத் தலைவர் வேலி ஓரமாக நடந்து வந்தார். வெயிலோ மழையோ தலையில் ஒரு தொப்பி இருக்கும், அதனால் தொப்பிக்காரர். சுருட்டையைப் பார்த்தார், வேலிக்கு வெளியே பாரத்தைப் பார்த்தார்.

"இவ உங்க பொண்ணா? நல்லா ஓடுவாளா?"

பாரத்தின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"காத்து மாதிரி ஓடுவா சார். எங்க ஆளுங்களுக்கு அது ரத்தத்துலயே இருக்கு."

தொப்பிக்காரர் தலையாட்டிவிட்டு, சுருட்டையை வலது ஓரத்துக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார். அன்று முழுக்க அவளை ஓடவைத்தே பார்த்தார்கள். அப்பன் வாயால்தான் ஓடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

இப்போது தெரிந்துவிட்டது. மீன் கருகுகிற வாசனை வந்தது. அம்மா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். ஓட்டுநர் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. உருளைக்கிழங்கை வேகவைத்து உப்பும் வெண்ணெயும் போட்டு மசித்து, கருகாத துண்டுகளாகப் பார்த்துத் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள் மகளிடம்.

"பசிக்கல."

"பசிக்கலன்னாலும் சாப்பிடு. சண்டை போடத் தெம்பு வேணும்."

சுருட்டை திரும்பி உட்கார்ந்தாள். தட்டை வாங்கிக்கொண்டாள். அப்பனை நேராகப் பார்த்தாள்.

"அப்பா, நான் காத்து மாதிரி ஓடி நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

"ஓடாம என்னம்மா? ஆட்டம்னா ஓடத்தான செய்யற."

"எங்க டீம்ல ஓட்டத்துல எனக்குப் பின்னாடி ஒருத்திதான் வருவா. அவ கோல்கீப்பர்."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டான்.

"அவர் கேட்டாரு, நான் சொல்லிட்டேன். நல்லா ஆடுவாளான்னு கேட்டிருந்தா நல்லா ஆடுவான்னு சொல்லியிருப்பேன். ஓடுவாளான்னு கேட்டாரு." பாரத்தின் குரல் இறங்கிவிட்டது. "உன்ன எடுக்கணும்னுதான் கண்ணு சொன்னேன். கெடுக்கணும்னா சொல்லுவேன்?"

"நடுவுல ஆடுறவன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"வாய்ல வரல."

"ரத்தத்துல இருக்குன்னு மட்டும் வந்துச்சா?"

பாரம் தரையைப் பார்த்தான். பெற்ற பெண்ணிடம் தலைகுனிந்து நிற்பதைவிட ஐஸ் ரூமில் நாலு நாள் தொடர்ந்து நிற்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வலது முழங்காலை மடக்க வராது. காலை நீட்டியே உட்காருவான், போகிற வருகிறவர்கள் தாண்டித்தான் போக வேண்டும். வாலிபத்தில் அவனும் ஆடியவன்தான். மாகாண அணியின் வலது ஓரம்.

"நான் சொல்றதக் கேளு சுருட்டை. இதுல என்ன கெட்டுப்போச்சு? உள்ள போறதுக்கு ஒரு கதவு திறந்திருக்கு. முன்வாசலா பின்வாசலான்னு பாத்துட்டு இருந்தா அதையும் சாத்திடுவான். முதல்ல உள்ள போ. உள்ள போனப்புறம் உன் ஆட்டத்தப் பாத்து அவனே நடுவுக்குக் கூப்பிடுவான்."

"உங்களக் கூப்பிட்டாங்களா சித்தப்பா?"

"என் கதை வேற."

"எப்படி வேற? நீங்களும் பள்ளிக்கூடத்துல நடுவுலதான ஆடுனீங்க? நீங்கதான சொன்னீங்க?"

சித்தப்பா முழங்காலைத் தடவிக்கொண்டான். "ஆடுனேன். மாகாணத்துக்குப் போனப்ப ஓரத்துல நிறுத்துனான். ஓடுனேன். நல்லாதான் ஓடுனேன். முட்டி போச்சு. ஓட முடியல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஓட முடியாதவனுக்கு ஓரத்துல என்ன வேலை? கடையப் போட்டு உக்காந்தேன்."

"அதே வருஷம் நடுவுல ஆடுன ஒருத்தருக்கும் முட்டி போச்சுன்னு சொல்லுவீங்களே, அவரு?"

"அவன்... அவன் ஆறு மாசத்துல திரும்பி வந்தான். அவனுக்கு அவ்வளவா ஓடத் தேவையில்ல. பாத்துக் கொடுத்தா போதும்." சித்தப்பா நீட்டிய காலை ஒரு முறை பார்த்தான். பிறகு விடாமல் சொன்னான்: "ஆனாலும் அந்தச் சட்டை இன்னும் என் பெட்டிலதான் இருக்கு. அது பொய்யில்ல. நம்ம தெருவுல வேற எவன்கிட்ட இருக்கு?"

அதுவும் நியாயம்தான். ஒருவன் பட்ட பாட்டை ஒரே வார்த்தையில் வீண் என்று தள்ளிவிட முடியுமா? சுருட்டைக்கும் மனம் கேட்கவில்லை. எழுந்துபோய்ச் சித்தப்பாவுக்கு ஒரு தட்டில் கிழங்கு எடுத்துவந்து கொடுத்தாள்.

அம்மா கருகின சட்டியைக் கழுவி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"என் பஸ்ஸோட பக்கத்துல இந்தத் தடவ நேஷனல் டீம் படத்த ஒட்டியிருக்கான். எல்லா நிறமும் ஒரே அணின்னு பெருசா எழுதியிருக்கு. காலைல டிப்போல பஸ்ஸத் துடைக்கறப்ப தினமும் பாக்கறேன். நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க. பாக்க சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா யார் யார் எங்க ஆடுறாங்கன்னு ஒரு நாள் எண்ணிப் பாத்தேன். ஓரத்துல நம்ம ஆளு. பின்னாடி இடிச்சு நிறுத்தற இடத்துல நம்ம ஆளு. நடுவுல என் நிறம்."

"அண்ணி, அதுக்காக வந்தத வேணாம்னு சொல்லணுமா?"

"நான் வேணாம்னு சொல்லல. ஆடப்போறவ அவ. அவ சொல்லட்டும்."

எல்லாரும் சுருட்டையைப் பார்த்தார்கள். அவள் ஒரு விள்ளல் மீனை முள் பார்த்து எடுத்து, வாயில் போட்டு மென்று முழுங்கும் வரை காக்க வைத்தாள்.

"தேர்வுக்குப் போவேன்" என்றாள். "ஓரத்துல நிறுத்துனா நடுவுக்கு வந்துருவேன்."

"துரத்துனா?" என்றான் சித்தப்பா.

"திரும்பியும் வருவேன்."

மறுநாள் பாரம் கிடங்கில் ஐஸ் ரூமில் இருந்தான். கதவைத் திறந்ததும் வெண்புகை முழங்கால் வரை வந்து மோதும். சுவரெல்லாம் உறைபனி. பெட்டியின் கைப்பிடியை இரும்புக் கொக்கியால் இழுத்து, தோளில் போட்டிருக்கும் ரப்பர் விரிப்பின்மேல் ஏற்றி, வழுக்கும் தரையில் பாதத்தை அழுத்தி அழுத்தி வைத்து நடக்க வேண்டும். மூச்சு மீசையில் உறைந்து நிற்கும். வெளியே தராசு மேடையில் தும்மல் உட்கார்ந்திருந்தான். அவனும் பாரமும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் இந்த நாட்டுக்காரன். குளிரில் கால் வைத்தாலே அடுக்கடுக்காகத் தும்முவான், அதனால் அந்தப் பெயர். இப்போது அவன் காலுக்கடியில் ஒரு ஹீட்டர் எரிகிறது. பெட்டியைத் தராசில் வைத்தால் எடையைச் சொல்லி அனுப்புவான். நல்லவன். பாரத்துக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவன்.

தேநீர் இடைவேளையில் பாரம் ஹீட்டர் பக்கத்தில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"தும்மல், நீ எப்படிடா தராசுக்கு வந்த?"

"இதென்ன புதுசா கேக்கற? மேஸ்திரி கூப்பிட்டாரு, வந்தேன்."

"என்னை ஏன் கூப்பிடல?"

தும்மல் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "நீ ரெட்டைப் பெட்டி தூக்குவியே. உன்னக் கொண்டுவந்து இங்க உக்கார வெச்சா அங்க பெட்டிய யாரு தூக்கறது?"

"நான் ஒரு தடவ கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. 'உன் தோளுக்கு எதுக்குப்பா தராசு'ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம்." தும்மல் இப்போதும் லேசாகச் சிரித்தான். "நீயும்தான சிரிச்ச."

"ஆமா, சிரிச்சேன்."

"ஏன்டா, வருத்தமா?"

"அன்னைக்கு இல்ல. இன்னைக்குதான் வருது."

தும்மல் தன் கோப்பையில் இருந்த தேநீரில் பாதியை இவன் கோப்பையில் ஊற்றினான். பாரம் அதைக் குடித்து முடித்தான். அவனுக்கு அவமானமாக இருந்தது. மேஸ்திரி சொன்னதற்காக இல்லை, அது பழைய கதை. தன்னை எந்த வார்த்தையால் ஐஸ் ரூமில் அடைத்தார்களோ அதே வார்த்தையை எடுத்துக்கொண்டுபோய்த் தன் பெண்ணின் நெற்றியில் தானே ஒட்டிவிட்டு வந்ததற்காக. எழுந்து மேஸ்திரியிடம் போய் அரை நாள் விடுப்புக் கேட்டான். இத்தனை வருஷத்தில் வேலைக்கு வந்துவிட்டுப் பாதியில் அவன் கேட்ட முதல் விடுப்பு அது. மேஸ்திரி மறுத்திருந்தால் என்ன செய்திருப்பானோ, அவர் ஆச்சரியத்தில் சரி என்று சொல்லிவிட்டார்.

தேர்வுக்குழு ஆபீஸ் பெரிய மைதானத்தின் பார்வையாளர் படிகளுக்குக் கீழே இருந்தது. சாய்வான கூரை. ஓரத்தில் நின்றால் தலை இடிக்கும். மீன் வாடையோடு அங்கே போய் நின்றான் பாரம். தொப்பிக்காரர் மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் காரியம் சுலபம், நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கலாம்.

"சொல்லுங்க. பொண்ணு தயாரா?"

"தயார் சார். ஒரு விஷயம் சொல்லணும். என் பொண்ணுக்கு ஓட வராது."

தொப்பிக்காரர் தொப்பியைச் சற்றே மேலே தள்ளினார். "என்ன சொல்றீங்க? எல்லா அப்பாவும் வந்து என் பொண்ணு அப்படி ஓடுவா இப்படி ஓடுவான்னுதான் சொல்லுவாங்க. ஓட வராதுன்னு சொல்ல வந்த முதல் ஆள் நீங்கதான்."

"அன்னைக்கு நான் சொன்னது பொய் சார்."

"நான்தான் பாத்தேனே, ஓடுனாளே."

"ஓடுன்னு நிறுத்துனா யாரும் ஓடுவாங்க சார். கடைசி பஸ் கிளம்பிட்டா என் தம்பிகூட மடங்காத முட்டிய வெச்சுக்கிட்டு ஓடுவான். அவ நடுவுல ஆடுறவ. அங்க ஒரு தடவ நிறுத்திப் பாருங்க. அத சொல்லத்தான் வந்தேன்."

தொப்பிக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாருங்க, நான் அந்த மாதிரி ஆள் கிடையாது. என் டீம்ல பாதிப் பேர் உங்க ஆளுங்க. நான் இங்க வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர்கூட இல்ல. அதுக்கு நான் எவ்வளவு பேச்சு வாங்கினேன் தெரியுமா?"

"தெரியும் சார். அத நாங்க மறக்கல." பாரம் மனசாரத்தான் சொன்னான். "நடுவுல எத்தன பேர் சார்?"

தொப்பிக்காரர் மேஜை மேலிருந்த விசிலை எடுத்து உருட்டினார்.

"நடுங்கறது வேற. அங்க ஆட்டத்த நிதானிக்கணும். அது தலை வேலை. தப்பா எடுத்துக்காதீங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு இயற்கையா வரும். உங்களுக்கு வேகம். நீங்கதான சொன்னீங்க, ரத்தத்துலயே இருக்குன்னு?"

"அதத்தான் சார் திரும்ப வாங்கிக்க வந்தேன். எங்க ரத்தத்துல அப்படி ஒண்ணும் இல்ல. என் அப்பாவுக்கு ஆஸ்துமா. மாடிப்படி ஏற மாட்டாரு."

தொப்பிக்காரர் சிரித்துவிட்டார். பாரம் சிரிக்கவில்லை. எல்லாரும் சிரிக்கிற இடத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"ஓரத்துக்கு ஆள் வேணும், அவ வரட்டும். நடுவுக்கு என்கிட்ட ஆள் இருக்கு" என்றார் அவர் கடைசியாக. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

சாயங்காலம் வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது சுருட்டை வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"ஓடவே வராதுன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"கொஞ்சம் வரும்னாவது சொல்லியிருக்கலாம்ல? தாத்தா ஆஸ்துமாவ வேற இழுத்திருக்கீங்க." சிரிக்க ஆரம்பித்தவள் அடக்க முடியாமல் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். பாரமும் அப்போதுதான் சிரித்தான். காரியம் என்னவோ ஆகவில்லை. ஆனால் அப்பனும் பெண்ணும் பேசிக்கொண்டார்கள், அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாம் தேர்வன்று விடிந்ததிலிருந்து தூறல். கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று வீசியது. அம்மா வேறொரு ஓட்டுநரோடு முறை மாற்றிக்கொண்டாள். சித்தப்பா கடைக்குப் பூட்டுப் போட்டான். கிளம்புவதற்கு முன்னால் சுருட்டையை ஸ்டூலில் உட்காரவைத்து, எண்ணெய் தொட்டு அவள் முடியைச் சின்னச் சின்னப் பின்னலாக மண்டையோடு இறுக்கிப் பின்னினான்.

"வலிக்குது சித்தப்பா."

"வலிக்கட்டும். என் புத்திக்கு இப்பவும் ஓரம்தான் சரின்னு படுது. ஆனா நீ எங்க நின்னாலும் முடி கண்ணுல விழக்கூடாது."

மைதானம் சேறாக இருந்தது. இரண்டு அணியாகப் பிரித்தார்கள். சுருட்டைக்கு மஞ்சள் மேல்சட்டை, வலது ஓரம். நடுவில் உயரமான ஒரு பெண் நின்றாள். நல்ல பிள்ளை, நன்றாக உதைக்கிறவள். குறை சொல்வதற்கில்லை. ஆனால் பந்து வந்த பிறகுதான் யாரிடம் கொடுப்பது என்று பார்த்தாள். அதற்குள் எதிரணி இரண்டு பேர் அவள்மேல் வந்து விழுந்தார்கள். பந்து பறிபோனது. மறுபடியும் போனது.

சுருட்டை ஓரத்திலேயே நின்று பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து உள்ளே வந்தாள். அவசரமே இல்லை. தலை மட்டும் இடமும் வலமும் போய் வந்தது. பின்வரிசைப் பெண் ஒருத்தி போக்கிடம் இல்லாமல் பந்தை அவளிடம் தள்ளினாள். சுருட்டை அதை நிறுத்தக்கூட இல்லை. வந்த வேகத்திலேயே இடது பக்கத்து வெற்றிடத்துக்குத் திருப்பிவிட்டாள். அங்கே ஒருத்தி ஓடிவந்து எடுத்துக்கொண்டாள்.

"மஞ்சள்! ஓரம், ஓரம்!" தொப்பிக்காரர் விசில் ஊதினார்.

சுருட்டை ஓரத்துக்குப் போனாள். ஆட்டம் தொடங்கியதும் மறுபடி உள்ளே வந்தாள். விசில். போனாள். வந்தாள். இப்போது மற்றப் பிள்ளைகளே அவளைத் தேடிப் பந்து கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்கென்ன, பந்து திரும்பி நல்ல இடத்துக்கு வருகிறது, கொடுக்கிறார்கள். மஞ்சள் அணி ஒரு கோல் போட்டது. அம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தொப்பிக்காரர் சேற்றில் கால் வைத்து நேராகப் பாரத்திடம் வந்தார். அவர் கோபமாக இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

"நல்லா ஆடுறா, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா டீமுக்குன்னு ஒரு அமைப்பு இருக்கு. சொன்ன இடத்துல நிக்காதவள நான் எப்படி எடுக்கறது? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, கேப்பா. ஓரத்துக்குப் போயிட்டா இன்னைக்கே அவளுக்கு இடம் உறுதி. இல்லன்னா இப்பவே மாத்து ஆள் இறக்கிடுவேன்."

"அண்ணே" என்றான் சித்தப்பா. அந்த ஒரு வார்த்தையில், சொல்லிவிடு, கைக்கு வந்ததை விட்டுவிடாதே என்பதெல்லாம் இருந்தது. பாரம் மனைவியைப் பார்த்தான். அவள் இவனைப் பார்க்காமல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீயே சொல் என்று விட்டுவிட்டாள்.

பாரம் ஆசைப்பட்டதெல்லாம் இதோ எதிரில் நிற்கிறது. நாட்டின் சட்டை. மகளின் முதுகில் எண். தெருவில் மிட்டாய். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைதானத்துக்குள் சுருட்டை நின்றுவிட்டாள். தேர்வுத் தலைவர் அப்பாவிடம் பேசுவதை அவளும் பார்த்துவிட்டாள். மறுபடியும் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவள் பயப்படுவது இவ்வளவு தூரத்திலும் அவனுக்குத் தெரிந்தது.

பாரம் இரண்டு கையையும் வாயருகில் குவித்தான்.

"அங்கேயே ஆடும்மா" என்று கத்தினான். "நடுவுலயே நில்லு, நகராத."

மைதானம் முழுக்க அது கேட்டது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டான். தொப்பிக்காரர் பாரத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். மாற்று ஆளைக் கூப்பிட்டார். அவள் ஓடிவந்து மேல்சட்டையை வாங்கிக்கொள்வதற்குள் ஆட்டம் கொஞ்சம் போனது. அந்தக் கொஞ்ச நேரம் சுருட்டை நடுவில் ஆடினாள். தலையை அப்படியும் இப்படியும் திருப்பி, யாருக்கும் பயப்படாமல், விசிலுக்குக் காது கொடுக்காமல் ஆடினாள். வேலிக்கு வெளியே குடை பிடித்து நின்ற யார் யாரோகூடப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வெளியே வந்தவள் மேல்சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு வேலிப்பக்கம் நடந்து வந்தாள். அழுதிருந்தாளா, மழையா, தெரியவில்லை.

"போச்சாப்பா?"

"போச்சு கண்ணு."

"பரவால்ல" என்றாள். பிறகு, "பரவால்லன்னு சொல்ல முடியாது. வயிறு எரியுது. ஆனா நீங்க கத்துனது கேட்டுச்சு" என்றாள். அம்மா துண்டை எடுத்து அவள் தலையில் போட்டு, பின்னல் கலையாமல் ஒற்றினாள். சித்தப்பா அவள் பூட்ஸின் நாடாவை அவிழ்க்கக் காலை நீட்டிக் கஷ்டப்பட்டுக் கீழே உட்கார்ந்தான்.

எல்லாம் முடிந்து பெயர்களைப் படித்தார்கள். சுருட்டையின் பெயர் இல்லை. ஓரத்துக்கும் இல்லை, நடுவுக்கும் இல்லை. பெயர் வந்த பிள்ளைகளின் வீட்டார் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தொப்பிக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பாரம் வாசலில் நின்றான். அவர் ஒதுங்கிப் போகப் பார்த்தார். இவன் ஒதுங்கவில்லை.

"அடுத்த தேர்வு எப்ப சார்?"

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஓரத்துல இப்பவும் ஒரு இடம் காலிதான். மனசு மாறுனா அடுத்த வாரமே கூட்டிட்டு வாங்க, நான் பேசிப் பாக்கறேன்."

"இல்ல சார். நடுவுக்குக் கேக்கறேன்."

"நடுவுக்குன்னா அடுத்த வருஷம்தான். அப்பவும் நான் எதுவும் சொல்ல முடியாது."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். நாங்க வருவோம். அடுத்த வருஷம் எடுக்கலன்னா அதுக்கடுத்த வருஷமும் வருவோம்." பாரம் மகளின் ஈரமான பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். "வந்தா எங்க பாக்கணும்னு தெரிஞ்சு வெச்சுக்குங்க. ஓரத்துல தேடாதீங்க."